ஓர்கனின் குரலும் கையின் வேலையும்: ஜோன் லோர்டும் தீவகத்து ஆர்மோனியமும்

வன்மையான றொக் இசை என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கிற்றார். மேடையின் முன்னே பாடகர் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் கிற்றார்க் கலைஞர். விசைப்பலகை வாசிப்பவர் ஓரத்தில் இருந்தபடி இடைவெளிகளை நிரப்பித் தருவார். அவருடைய வேலை அவ்வளவுதான் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் லோர்ட் (1941–2012). 'டீப் பேர்ப்பிள்' குழுவை உருவாக்கியவர்களில் ஒருவரான அவர், ஹமண்ட் ஓர்கனைக் கிற்றாருக்கு ஈடாக எதிர்நின்று பேசவைத்தார். அதே கையால் சிம்பொனி இசைக்குழுக்களுக்கும் இசை எழுதினார்.

அவருடைய வாழ்க்கையை யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கோயிற் பாடலோடும் கூத்தோடும் நாடகத்தோடும் கலந்து வாழ்ந்த விசைப்பலகை ஆர்மோனியம். ஆர்மோனியமும் ஹமண்ட் ஓர்கனும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. இரண்டின் மீதும் ஏறத்தாழ ஒரே குற்றச்சாட்டுத்தான் சுமத்தப்பட்டது. ஒரு கருவியின் குறையை அதன் குரலாக மாற்றுவது வாசிப்பவரின் கை. அந்தக் கையின் வேலை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அதைக் கேட்டு மீட்கக்கூடிய பதிவு ஒன்று இருக்க வேண்டும். இவ்விரண்டு உண்மைகளுக்கும் லோர்டின் வாழ்க்கை தெளிவான சான்று.

லெஸ்டரிலிருந்து இலண்டனுக்கு

ஜோன் லோர்ட் 1941 ஜூன் 9இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை பொழுதுபோக்காக சாக்சபோன் வாசிப்பவர். மகன் சிறுவயதிலேயே முறையாகப் பியானோ கற்கத் தொடங்கினார். பாக் இயற்றிய இசை அவருடைய விரல்களில் அன்றே ஊறிவிட்டது. இளைஞரானதும் ஜெரி லீ லூயிஸின் துள்ளும் பியானோவும், ஜிம்மி ஸ்மித் போன்ற ஜாஸ் ஓர்கன் கலைஞர்களின் வாசிப்பும் அவரை ஈர்த்தன. பிற்காலத்தில் அவர் இசைத்த எதிலும் இந்த மூன்று ஊற்றுகளையும் இனங்காணலாம்.

அவர் இலண்டனுக்குச் சென்றது நடிப்புப் படிக்க. செலவுக்காக மதுச்சாலைகளில் பியானோ வாசித்தார். ஜாஸ் குழுக்களிலும் புளூஸ் குழுக்களிலும் வேலை கிடைக்கவே, நடிப்பைவிட இசை மேலோங்கியது. 1964 முதல் 'த ஆர்ட்வூட்ஸ்' குழுவில் ஓர்கன் வாசித்தார். 1968இல் கிற்றார்க் கலைஞர் ரிச்சி பிளக்மோர், டிரம்ஸ் கலைஞர் இயன் பேஸ் ஆகியோருடன் சேர்ந்து டீப் பேர்ப்பிளைத் தொடங்கினார். அவ்வாண்டே வெளிவந்த 'ஹஷ்' பாடல் அமெரிக்காவில் நான்காம் இடத்தை எட்டியது. 1969இல் பாடகர் இயன் கிலனும் பேஸ் கிற்றார் வாசிக்கும் ரொஜர் குளோவரும் வந்து சேர்ந்தனர். உலகம் நினைவில் வைத்திருக்கும் டீப் பேர்ப்பிள் இந்த ஐவரே.

ஏழைக் கோயில்களுக்கான கருவி

லோர்ட் செய்ததன் அருமை விளங்க, அவர் கையாண்ட கருவியைச் சற்று அருகிற் சென்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பியத் தேவாலயங்களின் இசைக்கு அடிப்படை குழாய் ஓர்கன். அது கட்டடத்தோடு கட்டடமாக அமைவது, பெருஞ்செலவு பிடிப்பது. அதை வாங்க இயலாத சிறு கோயில்களுக்கும் வீடுகளுக்கும் மாற்றுத் தேடியவர்கள் பலர். அவர்களுள் ஒருவரான பாரிசைச் சேர்ந்த அலெக்சாந்தர் தெபென் 1842இல் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். உலோக நாக்குகளின் ஊடே காற்றைச் செலுத்தி ஒலியெழுப்புவது அதன் முறை. மதகுருமாரோடு கீழைத்தேசங்களுக்கு வந்த அக்கருவியைக் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கும் சிறு பெட்டியாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாற்றினார். இன்று நாம் அறிந்த ஆர்மோனியம் அதுதான்.

அதே தேவைக்கு மின்சாரத்தால் விடை கண்டவர் அமெரிக்காவின் லோரன்ஸ் ஹமண்ட். மின்கடிகாரம் செய்து விற்றவர். இசைக் கலைஞர் அல்லர். 1935இல் விற்பனைக்கு வந்த அவருடைய ஓர்கனில் 91 உலோகச் சக்கரங்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் அருகில் ஓடும்போது சிறிய மின் அலை உண்டாகிறது. அந்த அலையே சுரம். விசைகளுக்கு மேலே வரிசையாக ஒன்பது இழுகோல்கள் இருக்கும். அவற்றை எவ்வளவு வெளியே இழுக்கிறோமோ அதற்கேற்ப ஒலியின் நிறம் மாறும். சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு இசைவாக ஓடுவது. அதனால் மின்சாரம் தளம்பினால் சுருதியும் தளம்பும். டீசல் இயந்திரங்களிலிருந்தே மின்சாரம் பெற்றுவந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவ்விரு கருவிகளிலும் குறை உண்டு. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. கமகமே உயிரான நம் இசைக்கு இது பொருந்தாது என்று வாதிட்டோர் வென்றதால், 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அந்தத் தடை 1971இற்குப் பிறகே தளர்ந்தது. ஹமண்டிலோ விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு ஒலிதான். பியானோக்காரரின் விரலழுத்தத்துக்கு அங்கே பயனில்லை. போதாக்குறைக்கு, விசையை அழுத்தும்போது மின்தொடுகை 'டக்' என்று ஒரு சிற்றொலியும் எழுப்பும். செய்தவர்கள் அதைக் குறையாகவே கருதினார்கள்.

கிற்றாரின் அம்பிளிபயருக்குள் ஓர்கன்

ஜாஸ் கலைஞர்கள் அந்த 'டக்' ஒலியையே தாளக் கூர்மையாக்கிக்கொண்டார்கள். ஒலியளவைக் கால் மிதியால் ஏற்றி இறக்கினார்கள். சுழலும் ஊதுகுழல் கொண்ட லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்த்து, ஓர்கனின் நேரான ஒலிக்கு அசைவைக் கொடுத்தார்கள். லோர்ட் இவர்களிடம் கற்றவர். ஆனால் அவருக்கு முன்னே வேறொரு சிக்கல் இருந்தது. பிளக்மோரின் கிற்றார், மார்ஷல் அம்பிளிபயர்களின் வழியே இடிபோல வந்தது. அதற்கெதிரே ஓர்கன் எடுபடவில்லை.

லோர்ட் தம் ஹமண்டையும் மார்ஷல் அம்பிளிபயரில் இணைத்தார். அம்பிளிபயரின் வால்வுகள் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒலியலையைச் செலுத்தும்போது அலையின் முகடுகள் நறுக்கப்படுகின்றன. மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறந்து ஒலி கரகரக்கத் தொடங்குகிறது. கிற்றாருக்கு இது பழகிய உத்தி. ஓர்கனில் ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதால் அவை கரைந்து கூச்சலாகிவிடும் ஆபத்து அதிகம். லோர்ட் அதை இழுகோல்களாலும் கால் மிதியாலும் அடக்கினார். எந்த இழுகோலை உள்ளே தள்ளினால் கரகரப்பு மட்டுப்படும், மிதியை எவ்வளவு அழுத்தினால் ஓர்கன் உறுமத் தொடங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாயிற்று. விரலழுத்தம் அறியாத கருவிக்கு உணர்ச்சியின் ஏற்ற இறக்கம் இப்படிக் கிடைத்தது.

இதன் பயனை 1970இல் வந்த 'இன் றொக்' இசைத்தட்டில் கேட்கலாம். அதிலுள்ள 'சைல்ட் இன் டைம்' கோயிலில் ஒலிப்பதுபோன்ற மெல்லிய ஓர்கனில் தொடங்கிப் படிப்படியாகப் பேரிரைச்சலாக எழுகிறது. அதன் தொடக்க மெட்டு, 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பொம்பே கோலிங்' என்னும் இசைத்துண்டிலிருந்து எடுத்து வளர்த்தது என்பதை இயன் கிலனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1971 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் மொந்த்ரோ நகருக்குக் குழு ஒலிப்பதிவுக்காகச் சென்றது. அங்கே ஃபிராங்க் சப்பாவின் கச்சேரியின்போது சூதாட்ட மண்டபம் எரிந்துபோனது. ஏரியின் மேல் பரவிய புகை 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' பாடலாயிற்று. அதன் புகழ்பெற்ற மெட்டைக் கிற்றார் தொடங்கிவைக்க, ஓர்கனும் சேர்ந்து அதைக் கனமாக்குகிறது. எது கிற்றார், எது ஓர்கன் என்று பிரித்தறியக் கூர்ந்து கேட்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் 'மெஷின் ஹெட்' இசைத்தட்டில் உள்ள 'ஹைவே ஸ்டார்' வேறு விதம். கிற்றாரின் தனி வாசிப்புக்கு முன்னரே ஓர்கன் தனித்து வருகிறது. பாக் காலத்து இசையை ஒத்த சுர அடுக்குகள் சீரான வேகத்தில் இறங்கி ஏறுகின்றன. சிறுவயதுப் பியானோப் பாடம், வேகமான ஒரு றொக் பாடலின் நடுவே வந்து நிற்கிறது.

இரண்டு இசைகள், ஒரு மேடை

றொக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் ஒன்றையொன்று இழிவாகப் பார்த்த காலம் அது. இரண்டையும் ஒரே மேடையில் அமர்த்த விரும்பிய லோர்ட், 'குழுவுக்கும் இசைக்குழாத்துக்குமான கொன்செர்ட்டோ' என்ற மூன்று பகுதிப் படைப்பை எழுதினார். 1969 செப்டெம்பர் 24இல் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில், றோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவும் டீப் பேர்ப்பிளும் அதைச் சேர்ந்து இசைத்தன. நடத்தியவர் மல்கம் ஆர்னல்ட். முதற் பகுதியில் இரு தரப்பும் ஒன்றுக்கொன்று எதிர்நின்று முட்டிக்கொள்கின்றன. இறுதிப் பகுதியில் ஒன்றுசேர்ந்து ஓடுகின்றன. இன்று சிம்பொனிக் குழுவோடு றொக் குழுக்கள் மேடையேறுவது வழக்கமாகிவிட்டது. 1999இல் மெட்டாலிக்கா சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு அதைச் செய்தபோது, லோர்ட் அந்தப் பாதையில் நடந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

குழுவுக்குள் இந்த முயற்சி கருத்து வேறுபாட்டை எழுப்பியது. பிளக்மோர் வன்மையான றொக்கையே விரும்பினார். 'இன் றொக்' அந்த விருப்பத்தின் விளைவு. லோர்ட் முறுகி விலகாமல் அதற்கும் முழு மனதோடு வாசித்தார். செவ்வியல் நாட்டத்தை 'ஜெமினி சூட்', 'சரபாண்ட்' முதலிய தனிப் படைப்புகளில் வளர்த்தார். 1976இல் டீப் பேர்ப்பிள் கலைந்தது. 'வைட்ஸ்னேக்' குழுவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1984இல் பழைய ஐவரோடும் மீண்டும் சேர்ந்தார். 2002இல் டொன் ஏரியிடம் தம் இடத்தை ஒப்படைத்துவிட்டு ஓய்வுபெற்றார். அதன் பிறகு முழுநேரமும் செவ்வியல் இசையமைப்பிலேயே செலவிட்டார். டர்ஹம் பல்கலைக்கழகத்தின் 175ஆம் ஆண்டு நிறைவுக்காக அவர் எழுதிய 'டர்ஹம் கொன்செர்ட்டோ'வில் ஹமண்டுக்கும் வடஇங்கிலாந்தின் நாட்டார் துருத்திக் குழலுக்கும் இடம் உண்டு. கணையப் புற்றுநோயால் 2012 ஜூலை 16இல் இலண்டனில் காலமானார். 2016இல் அமெரிக்காவின் றொக் அண்ட் றோல் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

தீவகத்து ஆர்மோனியம்

இனித் தீவகம். ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை, நெடுந்தீவு ஆகிய இடங்களிற் கத்தோலிக்க மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அண்ணாவியார் பழக்கும் நாட்டுக்கூத்து அவர்களுடைய கலை. புனிதர்களின் வரலாறுகளும் அரசர் கதைகளும் இரவிரவாக ஆடப்படும். கூத்துக்கு மத்தளமும் தாளமும் அடிப்படை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் குழுக்கள் பரப்பிய இசை நாடகத்தின் செல்வாக்கால் ஆர்மோனியமும் மேடைக்கு வந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) 'மயான காண்டம்' ஆடிய காலத்தில் இசை நாடகம் குடாநாடெங்கும் ஊரூராகச் சென்றது. அந்த மேடைகளில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் நடிகரால் வாய் திறக்க முடியாது.

ஆர்மோனியக்காரரின் வேலையைக் கூர்ந்து பார்த்தால் லோர்டின் வேலைக்கும் அதற்கும் உள்ள உறவு புலப்படும். அவர் நடிகரின் சுருதியைப் பிடித்துக் கொடுக்கிறார். விருத்தத்தை நடிகர் நீட்டும்போது அவருடைய மூச்சை ஒட்டியே துருத்தியையும் நீட்டுகிறார். நடிகர் வசனத்துக்கு மாறும் கணத்தில் காற்றைக் குறைத்து ஒலியைத் தாழ்த்துகிறார். கமகம் வராத கருவியில், அடுத்தடுத்த விசைகளை விரைந்து தொட்டும் துருத்தியின் அழுத்தத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைத்தும் அழுகைக்கும் கோபத்துக்கும் உரிய சாயலை உண்டாக்குகிறார். லோர்டுக்குக் கால் மிதி எதுவோ, இவருக்குத் துருத்தி அது. வானொலி நிலையத்துப் பண்டிதர்கள் ஆகாது என்று தள்ளிய கருவியை ஊர் மேடை ஏற்றுக்கொண்டதன் காரணம் இந்தக் கைதான்.

தமிழ்த் திரையிசையிலும் இந்த மரபு தொடர்கிறது. அண்ணன் பாவலர் வரதராஜனின் மேடைகளில் ஆர்மோனியத்தோடு வளர்ந்த இளையராஜா, 1986இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் பாக்கையும் தியாகராஜரையும் ஒருங்கே நினைவுகூர்ந்தார். ஏ. ஆர். ரஹ்மான் திரைக்கு வருமுன், 1980களில் சென்னையின் 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' ஆகிய குழுக்களில் விசைப்பலகை வாசித்தவர். றொக் குழுவின் விசைப்பலகைக்காரர் ஒருவர் தமிழிசையின் ஒலியையே மாற்றியமைத்த வரலாறு நமக்கும் உண்டு.

தொலைந்த சுவடி

1970இல் லோர்டின் கொன்செர்ட்டோவின் இசைச் சுவடி தொலைந்துபோனது. கைப்பட எழுதிய பிரதி அது. ஒவ்வொரு வயலினும் ஒவ்வொரு ஊதுகருவியும் வாசிக்க வேண்டியது அனைத்தும் அதில்தான் இருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் படைப்பை முழுமையாக மேடையேற்ற வழியிருக்கவில்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கோ டி கூய் என்ற இளம் இசையமைப்பாளர் அதை மீட்க முனைந்தார். அவரிடம் இருந்தவை 1969ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் ஒலிப்பதிவும் படப்பதிவும் மட்டுமே. அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும் கருவி கருவியாகப் பிரித்து எழுதினார். தெளிவாகக் கேளாத இடங்களை லோர்டும் நடத்துநர் போல் மானும் சேர்ந்து நிறைவு செய்தார்கள். 1999 செப்டெம்பர் 25, 26ஆம் நாள்களில் அதே அல்பேர்ட் மண்டபத்தில், இலண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு கொன்செர்ட்டோ மீண்டும் ஒலித்தது. கடதாசி போனாலும் பதிவு இருந்தது. பொறுமையோடு கேட்க ஒரு காதும் இருந்தது.

தீவகத்தின் நிலை இதனிலும் கடினமானது. ஆர்மோனியக்காரருக்குச் சுவடி என்ற ஒன்று கிடையாது. எல்லாம் நினைவிலும் விரலிலும் இருந்தன. 1990–91இல் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு மக்களிற் பெரும்பகுதியினர் போரினால் இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டில் மின்சாரம் நின்று, சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட ஆண்டுகள் அவை. கூத்துக் குழுக்கள் கலைந்தன. அண்ணாவியார்களும் ஆர்மோனியக்காரர்களும் கொழும்புக்கும் தமிழகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினார்கள். பலர் இன்று இல்லை. அவர்களோடு போனவை ஒவ்வொன்றும் ஒரு கொன்செர்ட்டோ அளவுக்கு மதிக்கத்தக்கவை.

இன்று தீவகத்துத் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலிப்பது மின்விசைப்பலகை. நூற்றுக்கணக்கான ஒலிகள் அதற்குள் ஆயத்தமாக உள்ளன. ஹமண்டின் ஒலியும் ஒரு பொத்தானில் கிடைக்கிறது. இளம் கலைஞர்கள் அதில் திறமையாக வாசிக்கிறார்கள். அவர்களுக்கு லோர்ட் விட்டுச்சென்ற பாடம் ஒன்று உண்டு. அவர் வேறு விசைப்பலகைகளையும் வாசித்தார். ஆனால் ஹமண்டை விட்டு ஒருபோதும் அகலவில்லை. அதன் குறை எது, அது எங்கே உறுமும், எங்கே அடங்கும் என்பதை வாழ்நாள் முழுதும் கற்றார். ஓர் ஒலியைத் தெரிவு செய்து, அதைத் தம் குரலாக்கும் வரை விடாமல் வாசிக்கும் இளைஞர் தீவகத்தில் எழுந்தால், ஊர் மேடையின் பழைய ஆர்மோனியக்காரருக்கு அவரே உண்மையான வாரிசு.

அந்த வாரிசு கேட்டுக் கற்கப் பதிவு வேண்டும். 1965 முதல் கூத்தையும் நாடகத்தையும் வளர்த்துவரும் திருமறைக் கலாமன்றம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இருக்கிறது. ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் திரட்டும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. புலம்பெயர்ந்த தீவக மக்களின் ஊர்ச் சங்கங்களிடம் பணவசதியும், பழைய நாடாக்களும் இருக்கக்கூடும். எஞ்சியுள்ள முதிய ஆர்மோனியக்காரர்களை அமரவைத்து, முழுக் கூத்தையும் ஒலியாகவும் படமாகவும் பதிவது இவர்கள் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. துருத்தியின் மேல் உள்ள கையையும் விசைகளின் மேல் உள்ள கையையும் அந்தப் படத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். பாடலின் வரிகள் ஏட்டிலும் அச்சிலும் ஓரளவு தப்பியிருக்கின்றன. தப்பாதது கையின் வேலை. டி கூய் போன்ற பொறுமையான காது நம்மிடையே நாளை பிறக்கும்போது, அது கேட்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். அதை இன்று வாழ்கிற நாமே பதிந்து வைக்க வேண்டும்.